ஏலமலைத் தண்ணீரில் என்ன இருக்கிறது?

போடியிலிருந்து மூணாறு போகும் சாலை முந்தலைத் தாண்டியதும் மலையேறத் தொடங்குகிறது. 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் போடிமெட்டு. அந்த மேடு தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் எல்லை. மழைநீருக்கும் அதுவே எல்லை. மேற்கே விழும் மழை பன்னியாறு, பெரியாறு வழியாக அரபிக் கடலுக்குப் போகிறது. கிழக்குச் சரிவில் விழுவது சிற்றோடைகளாக இறங்கிக் கொட்டகுடி ஆற்றில் சேர்ந்து, தேனிக்கு அருகே முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரோடு கலந்து, வைகை அணைக்கு வருகிறது. போடி நகரம் குடிக்கக் கொட்டகுடி ஆற்றை நம்பியிருக்கிறது. மதுரை வைகை அணையை நம்பியிருக்கிறது. ஆகவே கிழக்குச் சரிவிலுள்ள குரங்கணிக்கு மேலே ஏதோ ஒரு ஏலக்காய்த் தோட்டத்து ஓடையில் என்ன கலக்கிறது என்ற கேள்வி, மலையடிவாரத்திலிருந்து மதுரை மாட்டுத்தாவணி வரை எல்லோருக்கும் உரிய கேள்வி.

ஏலம் நிழலில், ஈரத்தில் வளரும் பயிர். பூச்சிக்கும் பூஞ்சைக்கும் அதே நிழலும் ஈரமும்தான் வேண்டும். இலைப்பேன் சுரண்டிய காய் சொறி பிடித்துப் போகும். ஏலக் கூடத்தில் அதற்கு விலை இறங்கும். தண்டைத் துளைக்கும் புழு ஒரு பக்கம், வேரைத் தின்னும் புழு இன்னொரு பக்கம். மழைக்காலத்தில் அழுகல் நோய். பச்சைக்காய் நிறம் கெடாமல் கைக்கு வர வேண்டுமென்றால் மருந்தடித்தே ஆகவேண்டும் என்ற நிலைக்கு விவசாயி வந்துவிட்டார். ஆண்டுக்கு 15 தடவைக்கு மேலும் மருந்தடிக்கும் தோட்டங்கள் உண்டு என்று ஏலமலை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். குயினால்பாஸ், குளோர்பைரிபாஸ் போன்ற ஆர்கனோ பாஸ்பரஸ் மருந்துகள், அழுகலுக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை, இவற்றோடு உரம். காப்பித் தோட்டமாக இருந்தால் பழத்தை உரித்துக் கழுவும் பருவத்தில் புளித்த கழிவுநீரும் சேரும். விவசாயியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது எளிது. ஆனால் சொறிக்காய்க்கு விலை குறைவு என்று தீர்மானிப்பது சந்தை. அந்தச் சந்தையில் வாங்குபவர்கள் நாம்தான்.

இந்தச் சூழலில் மாணவர்களின் நீர் ஆய்வைப் பற்றிப் பேச ஒரு காரணம் இருக்கிறது. பள்ளி அறிவியல் கண்காட்சி எதற்குப் போனாலும் ஒரு தண்ணீர் வடிகட்டி இருக்கும். அடிப்பாகம் வெட்டிய பாட்டில், அதில் கூழாங்கல், மணல், கரி, பஞ்சு. மேலே கலங்கல் நீரை ஊற்றினால் கீழே தெளிந்து வரும். பார்க்க நன்றாக இருக்கும், பரிசும் கிடைக்கும். ஆனால் ஏலமலைச் சரிவில் ஓடும் தண்ணீர் பெரும்பாலான நாட்களில் தெளிவாகவே இருக்கிறது. அதில் இருக்கக்கூடியவை கண்ணுக்குத் தெரியாதவை, மூக்குக்கும் பெரும்பாலும் எட்டாதவை. என்ன இருக்கிறது என்று தெரியாமல் எதை வடிகட்டுவது? மாணவர் ஆய்வு வடிகட்டியில் தொடங்குவதை நிறுத்தி, கண்டறிவதில் தொடங்க வேண்டும் என்பதே என் வாதம்.

கண்டறிவது ஏன் கடினம் என்பதை அளவைப் பார்த்தால் புரியும். மருந்து எச்சங்கள் தண்ணீரில் லிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில் அளக்கப்படுகின்றன. ஒரு கிராம் மருந்து 10 லட்சம் லிட்டர் தண்ணீரில் கரைந்தால் கிடைக்கும் செறிவு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம். 12,000 லிட்டர் கொள்ளும் டேங்கர் லாரிகள் எண்பதுக்கு மேல் வரிசையாக நின்றால் அத்தனையிலும் சேர்த்து ஒரே ஒரு கிராம்! இதைப் பிடிக்க கேஸ் குரோமட்டோகிராஃப், அதனோடு இணைந்த மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் வேண்டும். லட்சங்களில் விலை, பயிற்சி பெற்ற ஆள், ஒவ்வொரு மாதிரிக்கும் கணிசமான கட்டணம்.

சரி, பிடித்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். எந்த அளவு ஆபத்து? குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500 (2012) குளோர்பைரிபாஸுக்கு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் வரை அனுமதிக்கிறது. அதே மருந்து நன்னீர் உயிர்களைக் கொல்லாமல் இருக்க 0.083 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1986-லேயே வரையறுத்தது. இரண்டுக்கும் 360 மடங்கு வித்தியாசம். மனிதர் குடிக்கலாம் என்று தரநிலை சொல்லும் தண்ணீரில் ஓடைப் பூச்சிகள் உயிரோடு இருக்க முடியாது என்று பொருள். அதுவாவது பட்டியலில் இருக்கிறது. ஏலத்தில் பரவலாகப் பயன்பட்டுவந்த குயினால்பாஸ், ஐ.எஸ். 10500-இன் பூச்சிமருந்துப் பட்டியலில் பெயரளவில்கூட இல்லை. பட்டியலை வைத்துச் சோதிக்கும் ஆய்வகம் நல்ல தண்ணீர் என்று சான்று தரும்போது, இங்குள்ள தோட்டத்தில் அடிக்கும் மருந்தைத் தேடியே இருக்காது.

இந்த இடத்தில் சென்னை ஐ.ஐ.டி.யில் நடந்த ஒரு மாணவர் ஆய்வைச் சொல்லியாக வேண்டும். கண்டறிவதும் சுத்திகரிப்பதும் ஒரே வேலையாக மாறிய அரிய சம்பவம் அது. 2003 பிப்ரவரியில் டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், கடையில் விற்கும் பாட்டில் தண்ணீரிலேயே பூச்சிமருந்து எச்சம் இருப்பதை வெளியிட்டு நாட்டை அதிரவைத்த காலம். ஐ.ஐ.டி. வேதியியல் துறையில் பேராசிரியர் டி. பிரதீப்பும் அவருடைய ஆய்வு மாணவர் ஸ்ரீகுமாரன் நாயரும் தங்கம், வெள்ளி நுண்துகள்களை வைத்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். கார்பன் டெட்ராகுளோரைடு போன்ற குளோரின் சேர்மங்களை வெள்ளி நுண்துகளோடு சேர்த்தபோது அவை அறை வெப்பநிலையிலேயே உடைந்து, உலோகக் குளோரைடாகவும் வெறும் கரியாகவும் பிரிவதைக் கண்டார்கள். பல பூச்சிமருந்துகளிலும் குளோரினும் கந்தகமும் உண்டு. அப்படியானால் அவற்றையும் இந்தத் துகள்கள் பிடிக்குமா? எண்டோசல்பானில் தொடங்கி, குளோர்பைரிபாஸ், மாலத்தியான் என்று சோதித்தார்கள். பிடித்தது.

இது எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். தங்க உப்புக் கரைசலைக் கொதிக்கவைத்து அதில் சோடியம் சிட்ரேட்டைச் சேர்த்தால், வெளிர்மஞ்சளாக இருந்த நீர் சில நிமிடங்களில் நிறமிழந்து, கருத்து, பிறகு அடர்சிவப்பாகிவிடும். 1951-இல் ஜான் துர்க்கெவிச் குழு வகுத்த முறை இது. இன்றும் உலகெங்கும் கல்லூரி ஆய்வகங்களில் செய்கிறார்கள். கரைசலில் இப்போது மிதப்பவை சுமார் 15 நானோமீட்டர் அளவுள்ள தங்கத் துகள்கள். நகைக்கடையில் மஞ்சளாகத் தெரியும் தங்கம் இந்த அளவில் சிவப்பு. ஒளி பட்டதும் துகளின் மேலுள்ள எலெக்ட்ரான்கள் ஒன்றாக ஊசலாடிப் பச்சை ஒளியை விழுங்கிவிடுவதால் மிச்சமுள்ள சிவப்பு நம் கண்ணுக்கு வருகிறது. துகள்கள் தனித்தனியாக விலகி நிற்கும் வரை இந்தச் சிவப்பு நிலைக்கும். சிட்ரேட் அவற்றைப் போர்த்தி, ஒன்றையொன்று நெருங்கவிடாமல் தள்ளி வைத்திருக்கிறது. பூச்சிமருந்து மூலக்கூறு வந்ததும் அதன் கந்தகம் தங்கத்தின் மேல் உறுதியாக ஒட்டிக்கொள்கிறது, சிட்ரேட் விலகுகிறது, துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கொத்தாகின்றன. கொத்தானதும் நிறம் சிவப்பிலிருந்து ஊதாவுக்கும் நீலத்துக்கும் மாறுகிறது. விஷம் இருக்கிறது என்று தண்ணீரே நிறம் மாறிச் சொல்கிறது. கூடவே அந்த விஷம் துகளில் மாட்டிக்கொண்டுவிடுகிறது. இதுபோன்ற உலோக நுண்துகள்களை அலுமினா மணிகளில் ஏற்றிக் குழாயில் அடைத்தால் வடிகட்டி தயார். யுரேகா ஃபோர்ப்ஸ் நிறுவனம் இதை வீட்டுச் சுத்திகரிப்பானில் பொருத்திச் சந்தைக்கே கொண்டுவந்தது.

கதை அதோடு முடியவில்லை. பிடிபட்ட மருந்து என்ன ஆகிறது? அதே ஆய்வகத்தின் இன்னொரு மாணவர் பூதராஜு, பிரதீப்புடன் சேர்ந்து 2012-இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு விடை சொன்னது. குளோர்பைரிபாஸ் துகளின் மேல் உடைகிறது. ஆனால் மறைந்துவிடுவதில்லை; டிரைகுளோரோ பிரிடினால் என்ற இன்னொரு பொருளும், கந்தகம் கொண்ட ஒரு பாஸ்பேட்டும் உண்டாகின்றன. எதையும் சுத்திகரித்துவிட்டோம் என்று அறிவிக்கும் முன், அது எதுவாக மாறியது என்று கேட்கத் தெரிந்தவரே நல்ல ஆய்வாளர்.

தங்கம் ஐ.ஐ.டி.க்குச் சரி, அரசு மேல்நிலைப் பள்ளிக்கு? ஓடைக்குள்ளேயே ஒரு ஆய்வகம் இருக்கிறது. நீரோட்டமுள்ள இடத்தில் கணுக்காலளவுத் தண்ணீரில் இறங்கி, ஒரு கல்லை மெல்லப் புரட்டி, அதன் அடிப்பக்கத்தை வெள்ளைத் தட்டில் வைத்துப் பாருங்கள். தட்டையான உடலும் நீண்ட மூன்று வாலும், வயிற்றின் இருபுறமும் துடித்துக்கொண்டிருக்கும் இலைபோன்ற செவுள்களும் உள்ள சிறு பூச்சி ஓடினால் அது மேஃப்ளையின் இளம்பருவம். இரண்டு வால் மட்டும் இருந்து, காலின் அடியில் செவுள் குஞ்சம் இருந்தால் பெரும்பாலும் ஸ்டோன்ஃப்ளை. மணலையும் இலைத்துணுக்கையும் பசைபோட்டு ஒட்டிக் கூடு கட்டி அதற்குள் வாழ்வது காடிஸ்ஃப்ளை. இந்த மூன்றும் நல்ல தண்ணீரின் சாட்சிகள். ரத்தச் சிவப்பாய் நெளியும், கொசுவை ஒத்த மிட்ஜ் பூச்சிகளின் புழுக்கள் மட்டுமே மிஞ்சியிருந்தால் ஓடையில் ஆக்சிஜன் குறைந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். அந்தச் சிவப்பு நம் ரத்தத்தில் உள்ளதைப் போன்ற ஹீமோகுளோபின்.

மேஃப்ளை சிறகு முளைத்து வெளியே வந்தபின் வாழ்வது சில மணி நேரமோ, ஓரிரு நாட்களோதான். ஆனால் இளம்பருவத்தில் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தண்ணீரிலேயே கிடக்கிறது. பாட்டிலில் நாம் பிடிக்கும் தண்ணீர் அந்த ஒரு நிமிடத்தின் தண்ணீர். மருந்தடித்த மறுநாள் மழை பெய்து விஷம் ஓடையில் ஓடி, மூன்றாம் நாள் நாம் போய் மாதிரி எடுத்தால் கருவியில் ஒன்றும் தெரியாது. கல்லுக்கடியில் பூச்சி இருக்கிறதா, இல்லையா என்பதில் அந்த மூன்று நாளும் பதிவாகியிருக்கும். பூச்சிக்கொல்லி கலந்த நீர் வந்ததும் இப்பூச்சிகள் பிடியை விட்டு நீரோட்டத்தில் கூட்டம் கூட்டமாக அடித்துச் செல்லப்படுவதும் உண்டு. ஓடையின் குறுக்கே மெல்லிய வலையைக் கட்டி அதில் விழுவதை எண்ணினாலே ஒரு மாணவருக்கு ஆய்வுக் கட்டுரை கிடைத்துவிடும். ஜெர்மனியில் மத்தியாஸ் லீஸும் அவருடைய சகாவும் 2005-இல் பூச்சிகள் மருந்தைப் பதிவு செய்கின்றன என்ற உண்மையை வைத்தே ஸ்பியர் என்ற குறியீட்டை உருவாக்கினார்கள். பூச்சிமருந்துக்கு எளிதில் சாகும் இனங்கள் எத்தனை சதவீதம் மிஞ்சியிருக்கின்றன என்ற கணக்கு அது.

இதற்கு நாம் வெளியே தேடிப் போகவேண்டியதும் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளின் நீர்ப்பூச்சிகளைப் பல்லாண்டு ஆராய்ந்து, பல ஆய்வு மாணவர்களை உருவாக்கியவர் மதுரையில் பேராசிரியராக இருந்த கே.ஜி. சிவராமகிருஷ்ணன். மதுரை அமெரிக்கன் கல்லூரி விலங்கியல் துறையினர் இந்த மலைகளின் மேஃப்ளைகளில் புதிய இனங்களை விவரித்து வருகிறார்கள். போடியிலிருந்து பேருந்து ஏறினால் எட்டிவிடும் தூரத்தில் அறிவு இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. பூச்சி குறைந்தால் மருந்துதான் காரணம் என்று உடனே முடிவு கட்டக்கூடாது. வெள்ளம், வெயில், சாலை வெட்டிய மண், காப்பிக் கழிவு எல்லாமே பூச்சியைக் குறைக்கும். அதனால் தோட்டத்துக்கு மேலே சோலைக்காட்டு ஓடையில் ஒரு இடம், தோட்டத்துக்குக் கீழே ஒரு இடம், ஊருக்குக் கீழே இன்னொரு இடம் என்று ஒரே நாளில் எடுத்து ஒப்பிட வேண்டும். கூடவே கரைந்த ஆக்சிஜனையும் அளக்கலாம். 1888-இல் விங்க்ளர் தந்த முறை எந்தக் கல்லூரி ஆய்வகத்திலும் உண்டு. சந்தேகம் வலுத்த இடத்துத் தண்ணீரை மட்டும் பழுப்புக் கண்ணாடிப் புட்டியில், ஐஸ் பெட்டியில் வைத்துப் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும். பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம். சில மருந்துகள் பிளாஸ்டிக்கிலேயே ஒட்டிக்கொள்ளும்.

ஊருக்குக் கீழே எடுத்த நீரில் மலக்கழிவுக் கலப்பைக் கண்டறியவும் எளிய வழி உண்டு. குவாலியரிலுள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தின் மாஞ்சா குழு 1982-இல் வெளியிட்ட ஹைட்ரஜன் சல்பைடு சோதனை அது. மருந்து தோய்த்த காகிதம் உள்ள பாட்டிலில் தண்ணீரை நிரப்பி வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால், கழிவு கலந்திருந்தால் கறுத்துவிடும்.

இனி சுத்திகரிப்பு. ஒடிசாவின் கோராபுட் மாவட்டத்தில் தாமன்ஜோடி என்ற ஊர். அங்கே 13 வயது லலிதா பிரசிதா, விவசாயிகள் தூக்கியெறியும் மக்காச்சோளச் சக்கையை அடுக்கி ஒரு வடிகட்டி செய்து, 2015 கூகுள் அறிவியல் கண்காட்சியில் சமூகப் பயன் விருது பெற்றார். ஊரில் வீணாகும் பொருளையே எடுத்துக்கொண்டது அவருடைய சாமர்த்தியம். போடியில் வீணாவது எது? இலவம்பஞ்சுக்குப் பேர்போன ஊர் இது. பஞ்சை எடுத்தபின் மிஞ்சும் நெற்று ஓடு மலைபோல் குவிகிறது. கோயம்புத்தூர் ஆய்வாளர்கள் கதிர்வேலுவும் அவருடைய குழுவினரும் 2003-இல் வெளியிட்ட கட்டுரையில் இந்த இலவ ஓடு, தென்னை மரத்தூள், மரவள்ளி ஆலைக் கழிவு, மக்காச்சோளச் சக்கை, வாழைத் தண்டு ஆகியவற்றிலிருந்து செயலூட்டிய கரி தயாரித்து, சாயங்களையும் பாதரசம், நிக்கல் போன்ற உலோக அயனிகளையும் தண்ணீரிலிருந்து நீக்கிக் காட்டினார்கள். இலவம்பஞ்சு இழைக்கும் தனிக்குணம் உண்டு. மெழுகுப் பூச்சுள்ள உள்ளீடற்ற குழல் அது. தண்ணீரை ஏற்காமல் எண்ணெயை மட்டும் தன் எடையைப் போலப் பல மடங்கு உறிஞ்சும். மோட்டார் பட்டறைக் கழிவுநீரில் இதைச் சோதிக்க ஒரு பிடி பஞ்சு போதும்.

கரி செய்யும் மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: எத்தனை லிட்டருக்குப் பிறகு இது வேலை செய்வதை நிறுத்தும்? நல்ல செயலூட்டிய கரி ஒரு கிராமுக்கு 500 சதுர மீட்டருக்கு மேல் உட்பரப்பு கொண்டது. ஆனாலும் அது முடிவுள்ள பரப்பு. நிரம்பியபின் புதிதாக வருவதை விட்டுவிடும். சில சமயம் பழையதையும் விடும். மெத்திலீன் நீலச் சாயத்தைத் தொடர்ந்து ஊற்றி, எந்த லிட்டரில் நீலம் முதலில் கீழே எட்டிப்பார்க்கிறது என்று குறித்தால் விடை கிடைக்கும். இந்த ஒரு வரைபடம் இல்லாத வடிகட்டியை நான் முழுமையான ஆய்வாக ஏற்கமாட்டேன். நிரம்பிய கரியை எங்கே கொட்டுவது என்பதற்கும் பதில் வேண்டும்.

உண்மையில், மருந்தை ஆற்றுக்கு வந்தபின் பிடிப்பது மிகக் கடினம். புறப்படும் இடத்தில் பிடிப்பது எளிது. ஓடையோரத்தில் டிரம்மில் மருந்து கலக்கும் இடம், தெளிப்பான் கழுவும் இடம் என்று தோட்டத்தில் ஓரிரு இடங்கள்தான் இருக்கும். சிந்துவதும் கழுவிக் கொட்டுவதும் அங்கேதான். சுவீடனில் 1993 முதல் இதற்கு உயிர்ப்படுகை என்ற குழி அமைக்கிறார்கள். அடியில் களிமண், அதன்மேல் இரண்டு பங்கு வைக்கோலும் ஒரு பங்கு பீட் எனப்படும் கரிமண்ணும் ஒரு பங்கு வயல்மண்ணும் கலந்த நிரப்பு, மேலே புல். வைக்கோலில் வளரும் பூஞ்சை, மரத்தின் லிக்னினை உடைக்கச் சுரக்கும் நொதியாலேயே மருந்து மூலக்கூறையும் உடைக்கிறது. வயல்மண்ணில் அந்த மருந்துக்குப் பழகிய பாக்டீரியா ஏற்கெனவே இருக்கும். கரிமண்ணுக்குப் பதில் நம்மிடம் தென்னை நார்க்கழிவு இருக்கிறது, ஏலத்தட்டைச் சருகு இருக்கிறது. எந்தக் கலவை இந்த மலையின் மழைக்குத் தாங்கும், குயினால்பாஸை எத்தனை நாளில் உடைக்கும்? போடி அரசு பொறியியல் கல்லூரியோ, ஏல விவசாயிகள் சங்கக் கல்லூரியோ, பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியோ மூன்று வாளிகளை வைத்தே தொடங்கக்கூடிய ஆய்வு இது. விவசாயிக்கும் இதில் நஷ்டமில்லை.

10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பிரச்சினையைக் குழுவாக ஆராயும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993-இலிருந்து நடக்கிறது. தமிழ்நாட்டில் அதைத் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் வளர்த்தது. அதற்கு வழிகாட்டும் போடி, தேவாரம், கம்பம் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மருந்தடிக்கும் நாளில் பிள்ளைகளை ஓடையில் இறக்காதீர்கள். கையுறை இல்லாமலும் இறக்காதீர்கள். தோட்டக்காரரிடம் முதலிலேயே சொல்லி அனுமதி வாங்குங்கள்; கண்டதை முதலில் அவரிடமே காட்டுங்கள். எடுத்த இடம், தேதி, மழை, பூச்சிக் கணக்கு எல்லாவற்றையும் ஒரே நோட்டில் எழுதவைத்து, போட்டி முடிந்ததும் அதை அடுத்த வகுப்புப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கச் சொல்லுங்கள். ஐந்தாறு ஆண்டு தொடர்ந்து எழுதிய அப்படியொரு நோட்டு இருந்தால், கொட்டகுடி ஆற்றைப் பற்றி நகராட்சியிடமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும் ஆதாரத்தோடு பேச முடியும்.